மூன்று ஃபேஸை இரண்டு அச்சில் பார்ப்பது

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் கிணற்று மோட்டார் ஒருநாள் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றது. அப்பா ஓடிப்போய் ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு, "ஒரு ஃபேஸ் போயிருச்சுடா" என்றார். ஏன் உறுமியது என்று எனக்குப் பிடிபட்டது பல வருடம் கழித்து, மோட்டார் சிமுலேஷன் எழுத உட்கார்ந்தபோதுதான். அந்த வழியிலேயே சொல்லித் தருகிறேன்.

ஆர், ஒய், பி என்று மூன்று கரண்ட் ஓடினாலும், நியூட்ரல் இணைக்காத மோட்டாரில் மூன்றையும் கூட்டினால் எந்த நொடியிலும் பூஜ்யம்தான். இரண்டு தெரிந்தால் மூன்றாவது தெரிந்துவிடும். அதனால் இரண்டு எண்ணே போதும். முதலில் கிளார்க் மாற்றம், அதாவது மூன்று கரண்டை ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு அச்சின் எண்களாக்கும் கணக்கு:

ஆல்ஃபா = (2/3) × (ஆர் − ஒய்/2 − பி/2)
பீட்டா = (ஒய் − பி) / √3

கணினியைத் தொடும் முன் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். உச்சம் 10 ஆம்பியர், கோணம் 30 டிகிரி என்றால் ஆர் = 10 × காஸ் 30; ஒய்யும் பியும் அதற்கு 120, 240 டிகிரி பின்னால் வரும். அதனால் ஆர் 8.66, ஒய் 0, பி −8.66. விடை: ஆல்ஃபா 8.66, பீட்டா 5. கிராஃப் தாளில் புள்ளி வைத்தால் மையத்திலிருந்து சரியாக 10 தள்ளி, 30 டிகிரியில் விழும். கோணத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், புள்ளி வட்டம் போடும். ஸ்டேட்டரின் (மோட்டாரில் அசையாமல் நிற்கும் பகுதி) காந்தப்புலம் சுற்றுவதும் இப்படித்தான்.

இப்போது ஆர் ஃபேஸைப் பிடுங்கிவிடுங்கள். ஆர் 0, பி = −ஒய். ஆல்ஃபா பூஜ்யத்திலேயே நிற்கும். புள்ளி பீட்டா அச்சில் மேலும் கீழும் போய்வரும், அவ்வளவுதான். உள்ளே சுற்றவேண்டிய ரோட்டர் நின்றுகிடந்தால், அதைக் கிளப்ப அந்தக் கோட்டுக்குத் தெம்பு கிடையாது. எங்கள் கிணற்றடியில் உறுமியது அதுதான்.

அப்புறம் பார்க் மாற்றம். புள்ளியோடு சேர்ந்து அச்சையும் சுற்றவிடுகிறோம். தீட்டா என்பது அச்சு சுற்றிய கோணம்; டி, கியூ என்பவை சுற்றும் அச்சுகளில் கிடைக்கும் எண்கள்:

டி = ஆல்ஃபா × காஸ் தீட்டா + பீட்டா × சைன் தீட்டா
கியூ = −ஆல்ஃபா × சைன் தீட்டா + பீட்டா × காஸ் தீட்டா

தீட்டாவுக்கும் 30 டிகிரி கொடுத்தால் டி 10, கியூ 0. 50 ஹெர்ட்ஸில் தீட்டா என்பது 314.16 × நேரம். அப்படி ஓடவிட்டால் ஆடிக்கொண்டிருந்த அலை ஆடாத எண்ணாகிவிடும். ராபர்ட் பார்க் 1929-இல் சின்க்ரோனஸ் மெஷினுக்காக (ரோட்டர் காந்தப்புலத்தின் அதே வேகத்தில் சுற்றும் மெஷின்) எழுதிய வழி இது.

அச்சை ரோட்டர் கோணத்தில் சுற்றவிடுவதாக இருந்தால், 4 போல் (இரண்டு ஜோடி காந்தத் துருவம்) மோட்டாருக்கு அந்தக் கோணத்தை 2-ஆல் பெருக்க மறக்காதீர்கள். பவர் கணக்கிடும்போது, மேலே 2/3 போட்டதற்காக 3/2-ஆல் பெருக்க வேண்டும்.

டி, கியூ இரண்டும் 100 ஹெர்ட்ஸில் ஆடுகிறதா? ஒய்யும் பியும் இடம் மாறியிருக்கும். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் ஸ்டார்ட்டரில் இரண்டு வயரை மாற்றிப் போடுவோமே, அதையே இங்கேயும் செய்யுங்கள்.