காரின் மழைநீர் வடிகால்களைச் சுத்தம் செய்யும் முறை

கார்க் கதவுக்குள் மழைநீர் புகவே புகாது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில், சன்னல் கண்ணாடியை ஒட்டிய ரப்பர் பட்டையைத் தாண்டி நீர் உள்ளே இறங்கும் என்பதை ஏற்றுக்கொண்டே, அது வெளியேறுவதற்காகக் கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகளை வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்து, அத்துளைகளில் படிந்த மண்ணை மெல்லிய மரக்குச்சியால் நீக்குங்கள். துருத்தடுப்புப் பூச்சு அடித்த வண்டியென்றால், பூச்சு அவற்றை அடைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்து பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளத்தில் சேர்ந்த சருகுகளை அள்ளி எடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசிக்கான வெளிக்காற்று இவ்வழியாகவே செல்வதால், இங்கே தேங்கும் நீர், காற்றை உள்ளே தள்ளும் விசிறியான ப்ளோயர் வழியே இறங்கி முன்னிருக்கையின் கால்விரிப்பை நனைத்துவிடும்.

சன்ரூஃப் இருந்தால் அதற்குத்தான் கூடுதல் பொறுமை தேவை. கண்ணாடியைச் சுற்றியுள்ள பள்ளத்தின் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கூரைத் தூண்களுக்குள் இறங்கி வண்டிக்கு வெளியே முடிகின்றன. ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் நீரை மெதுவாக ஊற்றி, அது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று கவனியுங்கள். சொட்டாவிட்டால், வளையக்கூடிய நைலான் இழையை மெல்லச் செலுத்துங்கள். கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் குழாய் உள்ளுக்குள்ளேயே இணைப்பிலிருந்து கழன்று, நீர் முழுவதும் கூரையின் உட்துணியில் இறங்கக்கூடும் என்பதால், அந்தக் குறுக்குவழியை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.