மோட்டார் சைக்கிள் வேலைக்கு நல்ல கைக்கருவிகள் வாங்குவது எப்படி

நூற்றுச் சொச்சம் உருப்படிகள் கொண்ட பெரிய பெட்டியைப் பார்த்ததும் கை தானாக அதை நோக்கிப் போகும். போக விடாதீர்கள். அதில் பெரும்பாலானவை உங்கள் வண்டியைத் தொடவே போவதில்லை. அதே பணத்துக்குக் குறைவான கருவிகளை, ஆனால் சரியாகப் பொருந்துகிறவற்றை வாங்கலாம். போல்ட்டின் தலை மழுங்குவது பெரும்பாலும் பொருந்தாத கருவியால்தான்.

1. முதலில் வண்டியைப் பாருங்கள்

ஆயில் மாற்றுவது, செயின் இழுத்துக் கட்டுவது, பிரேக் பேட் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் கழற்றுவது. இந்த நான்கு வேலைகளில் கை வைக்க வேண்டிய போல்ட், நட்டு எல்லாவற்றிலும் ஸ்பேனர் மாட்டும் அளவை ஒரு தாளில் எழுதுங்கள். ஜப்பானிய வண்டி என்றால் 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. என்று வரும். ஐரோப்பிய வண்டியில் 13 மி.மீ. அடிக்கடி வரும். ஹார்லி-டேவிட்சன் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அங்குல அளவு. சக்கர அச்சின் நட்டு 22, 24, 27 என்று பெரிதாக இருக்கும், அதைத் தனியாக வாங்க வேண்டும். உங்கள் தாளில் உள்ளதுதான் உங்கள் பட்டியல்.

2. சாக்கெட், ஸ்பேனர்

சாக்கெட் என்பது போல்ட் தலையை மூடிப் பிடிக்கும் குழல்; அதை மாட்டித் திருப்பும் கைப்பிடிதான் ராட்செட். ராட்செட் ஒன்றே ஒன்று வாங்குவதானால், சாக்கெட் மாட்டும் சதுரம் 3/8 அங்குலம் உள்ளதை வாங்குங்கள். 1/4 சின்ன போல்ட்டுக்கு நல்லது, 1/2 அச்சு நட்டுக்குத் தேவை. மற்றதெல்லாம் 3/8 பார்த்துக்கொள்ளும். 72 பல் ராட்செட் 5 டிகிரி திரும்பினாலே அடுத்த பல்லைப் பிடிக்கும். சட்டகத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கை நுழையாத இடத்தில் அதன் அருமை தெரியும்.

சாக்கெட்டின் உட்புறம் கட்டாயம் 6 முனை உள்ளதாக இருக்கட்டும். 12 முனை சாக்கெட் போல்ட்டின் மூலைக்கு அருகில்தான் பிடிக்கும், தலை 10 மி.மீ. உள்ள துருப்பிடித்த போல்ட்டில் அதுவே தலையை உருட்டிவிடும். பளபளப்பையும், மேலே பொறித்திருக்கும் குரோம் வனேடியம் என்ற எஃகு வகையின் பெயரையும் நம்பி மட்டும் வாங்காதீர்கள். மலிவான கருவிகளிலும் அது இருக்கும். ஒரு புது போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் மாட்டி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். என் விருப்பம் கோகென் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சாக்கெட். சுவர் மெல்லியது, இடுக்கில் நுழையும்.

திருகி அளவை மாற்றும் ஸ்பேனரை வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். நிபெக்ஸ் நிறுவனத்தின், தாடைகள் இணையாகவே நகரும் குறடு மட்டும் விதிவிலக்கு, அது நட்டைச் சமமாகக் கவ்வும்.

3. ஸ்டார் டிரைவர்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது. என் வண்டி ஜப்பானியத் தயாரிப்பு. கைப்பிடியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியை இரண்டு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ பிடித்திருக்கும். டிரைவர் புதியது, எண் சரி, கையிலும் பலம் கொடுத்தாயிற்று. ஆனாலும் நுனி மேலே எழும்பி எழும்பி வழுக்கியது.

காரணம் இதுதான். ஜப்பானிய வண்டிகளின் ஸ்க்ரூ ஜேஐஎஸ் என்ற அந்த நாட்டுத் தர அளவில் செய்யப்பட்டவை. நம் கையில் இருப்பது பெரும்பாலும் பிலிப்ஸ் என்ற வேறு வகை டிரைவர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பிலிப்ஸ் நுனியில் சிறகுகள் சேரும் மூலை சற்று வளைந்திருக்கும். அதனால் ஜேஐஎஸ் குழியின் அடிவரை அது இறங்காது. மேல்விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டு திருகும்போது வெளியே தள்ளப்படும். ஸ்க்ரூ தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜேஐஎஸ் என்று அறியலாம். புள்ளி இல்லாதவையும் உண்டு. ஜேஐஎஸ் டிரைவர் பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாகவே உட்காரும், ஆகவே அதையே வாங்கிவிடுங்கள்.

அளவு: மரையின் விட்டம் 3 முதல் 5 மி.மீ. உள்ள ஸ்க்ரூவுக்கு 2-ஆம் எண், 6 மி.மீ. என்றால் 3-ஆம் எண். 2-ஆம் எண்ணை வைத்து எல்லாவற்றையும் கழற்றப் பார்க்கக் கூடாது.

வெஸ்ஸல் நிறுவனத்தின் இம்பாக்டா என்ற டிரைவரைத் தயங்காமல் சொல்வேன். பின்பக்கம் சுத்தியலால் தட்டினால் நுனி கழற்றும் திசையில் சிறிது திரும்பும். ஆயில் டப்பா மூடியில் மெதுவாகத் தட்டினால் போதும், அது வார்ப்பு அலுமினியம். அடியில் கனமான துணி விரியுங்கள். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் போய்விடும். கையால் திருகும்போது பலத்தில் ஏழு பங்கு அழுத்துவதற்கு, மூன்று பங்கு திருகுவதற்கு.

4. எல்-கீ

தலையில் அறுகோணக் குழி உள்ள போல்ட்டுக்கு இது. உருண்டை முனை உள்ளது சாய்வாக நுழையும், வசதிதான். ஆனால் இறுகிய போல்ட்டை முதலில் தளர்த்த எப்போதும் நேர் முனை. அவ்வளவுதான்.

5. டார்க் ரெஞ்ச்

போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை வைத்து இறுக்கும் ரெஞ்ச் இது; அந்த அளவு நியூட்டன் மீட்டரில் இருக்கும். ஒன்று போதாது, இரண்டு வேண்டும். மரையின் விட்டம் 6 மி.மீ. உள்ள போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர். அச்சு நட்டுக்குப் பல வண்டிகளில் 100-ஐ நெருங்கும். 40-இல் தொடங்கும் ரெஞ்ச் முதல் வேலைக்கு உதவாது. சின்னது 5 முதல் 25 வரை, பெரியது 20 முதல் 110 வரை இருந்தால் சரி. ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டின் மரை போய்விட்டால் செலவு ரெஞ்சின் விலையைத் தாண்டலாம். சரியான அளவுக்கு வண்டியின் கையேடுதான் கணக்கு. மெதுவாக இழுங்கள், ‘கிளிக்’ வந்ததும் நிறுத்துங்கள். இதை வைத்துப் போல்ட்டைக் கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

பின்னர் சேர்த்தது

படித்தவர்கள் இரண்டு விஷயம் கேட்டார்கள். குரோம் சாக்கெட்டை, அடித்து அடித்துத் திருப்பும் மின் இம்பாக்ட் ரெஞ்சில் மாட்டலாமா? கூடாது, வெடித்துத் தெறிக்கலாம்; அதற்கென்று உள்ள கறுப்பு சாக்கெட்டைப் பயன்படுத்துங்கள்.

அப்புறம், பிளக் சாக்கெட். 16, 18, 21 மி.மீ. என்று பிளக்குக்கு ஏற்றபடி மாறும். அளவு சரியாக இருந்தும் ஆழமான குழிக்குள் இறங்கவில்லை என்றார் ஒருவர். வெளிச்சுவரின் தடிமன்தான் தடை. சீட்டுக்கு அடியில் வண்டியோடு கொடுத்த கருவிப்பையைத் திறந்து பாருங்கள், பல வண்டிகளில் அந்த மெல்லிய குழாய் ஸ்பேனர் அதிலேயே இருக்கும்.