பேரிடர்ப் பணியிலிருந்து நேச நாட்டுப் படைகளை ஒருங்கிணைத்து விலக்குவது எப்படி?

விலகும் நாளைக் குறிக்கும் உரிமை உதவி பெறும் நாட்டுக்கே உரியது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் ஆச்சே மாநிலத்தில் இறங்கிய வெளிநாட்டுப் படைகள் மார்ச் இறுதிக்குள் வெளியேற வேண்டும் என்று இந்தோனேசியத் துணை அதிபர் யூசுப் கல்லா ஜனவரியிலேயே கூறினார். அங்கே உள்நாட்டுப் போரும் நடந்துகொண்டிருந்ததால், அந்தக் கண்டிப்பில் வியப்பில்லை.

எனவே படை இறங்கும்போதே விலகலுக்கான திட்டத்தையும் எழுதத் தொடங்குங்கள். தேதியை மட்டும் குறித்தால் போதாது. ஒவ்வொரு பணியையும் இன்னார் ஏற்பார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இதில் ஹெலிகாப்டர்தான் பெருஞ்சிக்கல். ஆச்சேயின் மேற்குக் கரைச் சாலை அடித்துச் செல்லப்பட்டிருந்த நிலையில், மெலாபோ போன்ற ஊர்களுக்கு அரிசியும் மருந்தும் வான்வழியாகவே பெருமளவில் சென்றன. அத்தகைய இடத்தில், மாற்று ஹெலிகாப்டரோ படகோ ஓடத் தொடங்கி, சில நாட்கள் இரண்டும் சேர்ந்து இயங்கிய பிறகே படையின் பறப்புகளைக் குறைக்க வேண்டும். 2005 பிப்ரவரித் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பல் புறப்பட்ட வேளையில் அந்நாட்டின் மெர்சி மருத்துவக் கப்பல் வந்து சேர்ந்தது இதற்கு நல்ல முன்மாதிரி.

நேச நாடுகள் ஒரே வாரத்தில் கிளம்பாதபடி வரிசை வகுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆழிப்பேரலை நிவாரணத்துக்கு அமைத்த கூட்டுக்குழு, 2005 ஜனவரி 6 ஜகார்த்தா நிவாரண மாநாட்டையொட்டி ஒருங்கிணைப்பை ஐ.நா.விடம் ஒப்படைத்ததுபோல, தலைமைப் பொறுப்பை முதலில் கைமாற்றுங்கள். விட்டுச்செல்லும் ஜெனரேட்டர், கூடாரம், குடிநீர் இயந்திரம் ஆகியவற்றுக்குக் கையெழுத்திட்ட பட்டியலும் உதிரிபாகங்களும் உடன் செல்லட்டும்.