நரம்பு மண்டலத்தை அறிந்து குழுவை வழிநடத்துதல்: முதன்முறையாகக் கூட்டம் நடத்துவோருக்கான செய்முறை

ஒரு குழுவின் கூட்டத்தை நடத்தும் பொறுப்பு முதன்முதலாகக் கைக்கு வரும்போது நம்மில் பெரும்பாலோர் நிகழ்ச்சி நிரலையும் நேரத்தையும் பற்றியே கவலைப்படுகிறோம். கூடியிருப்பவர்களின் உடல் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணியதில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வேலை தாமதமானதற்கான காரணத்தைக் குழு உறுப்பினர் ஒருவரிடம் எந்த முன்னறிவிப்பும் இன்றி எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். தனியே பேசும்போது அந்த வேலையின் நுணுக்கங்களை மணிக்கணக்கில் விளக்கக்கூடிய அவர், அன்று இரண்டு சொற்களுக்கு மேல் பேச முடியாமல் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டேன். அவருக்கு விடை தெரியும் என்பதையும், அதை எடுத்துச் சொல்ல முடியாத நிலைக்கு அவரைத் தள்ளியது என் கேள்வி வந்த விதமே என்பதையும் மிகவும் பிந்தித்தான் புரிந்துகொண்டேன். அன்று நான் செய்திருக்க வேண்டியவற்றையே கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

இதயத் துடிப்பு, செரிமானம், வியர்வை போன்ற, நாம் எண்ணாமலே நடக்கும் செயல்களைத் தன்னியக்க நரம்பு மண்டலம் கவனித்துக்கொள்கிறது. அதன் ஒரு பிரிவான பரிவு நரம்பு மண்டலம், ஆபத்து என்று தோன்றும்போது இதயத்தை விரைவுபடுத்தி, தசைகளுக்கு இரத்தத்தைத் திருப்பி, உடலைப் போரிடவோ தப்பியோடவோ ஆயத்தப்படுத்துகிறது. அமெரிக்க உடலியலாளர் வால்ட்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் விளக்கிய இயல்பு இது. மற்றொரு பிரிவான எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் உடலை ஓய்வுக்கும் செரிமானத்துக்கும் திருப்புகிறது. அழுத்தம் கடுமையாகும்போது மூளையில் நார்அட்ரினலின், டோபமின் ஆகிய வேதிப்பொருள்களின் அளவு மிகுந்து, திட்டமிடுதல், பல செய்திகளை ஒருசேர மனத்தில் வைத்தல், பிறர் நோக்கில் பார்த்தல் ஆகியவற்றுக்கு உதவும் நெற்றிப்புற மூளைப் பகுதி தளர்ந்துவிடுகிறது. கூட்டுப் பணிக்கு மிகவும் தேவையான திறன்களே முதலில் குறைகின்றன என்பதுதான் இதில் நமக்கு முக்கியமான செய்தி.

எவ்வகைச் சூழல் இந்த அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பதும் ஓரளவு தெளிவாகவே தெரியும். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993-இல் உருவாக்கப்பட்ட ஒரு சோதனையில், பங்கேற்பவர் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத மதிப்பீட்டாளர்கள் முன் 5 நிமிடம் பேசிவிட்டு, அடுத்த 5 நிமிடம் மனக்கணக்கும் போட வேண்டும். அவ்வளவுதான், பெரும்பாலோருக்குக் கார்டிசால் என்னும் அழுத்த ஹார்மோன் கணிசமாக உயர்ந்துவிடுகிறது. இப்படிப்பட்ட 208 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2004-இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பிறர் நம்மை எடைபோடுகிறார்கள் என்ற உணர்வும், நடப்பது நம் கையில் இல்லை என்ற உணர்வும் ஒன்றுசேரும்போதுதான் கார்டிசால் மிக அதிகமாக உயர்கிறது என்று கண்டது. நம் கூட்டங்கள் பலவும், யாரும் திட்டமிடாமலே, ஏறக்குறைய அந்தச் சோதனையைப் போலவே அமைந்துவிடுகின்றன. எடைபோடப்படும் உணர்வைத் தணிப்பதும், நடப்பதில் தமக்கும் பிடி உண்டு என்ற உணர்வைப் பெருக்குவதும்தான் கீழே வரும் எல்லாப் படிகளின் வேலையும்.

படி 1: உங்கள் உடலிலிருந்து தொடங்குங்கள்

வழிநடத்துபவரின் மனநிலை குழுவுக்குப் பரவும். நீங்கள் பதற்றத்துடன் நுழைந்தால், சொற்கள் எவ்வளவு கனிவாக இருந்தாலும், உங்கள் குரலின் வேகத்திலும் தோள்களின் இறுக்கத்திலும் மற்றவர்கள் அதைப் படித்துவிடுவார்கள். ஆகவே கூட்டத்துக்கு 5 நிமிடம் முன்பு அமர்ந்து, தாடை இறுகியிருக்கிறதா, மூச்சு மார்பின் மேற்பகுதியோடு நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். பின்னர் 4 நொடி மூச்சை உள்ளிழுத்து, 6 நொடி வெளிவிடுங்கள். மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றே விரைவதும், வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் சென்று அதை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயலால் அது மட்டுப்படுவதும் இயல்பு. அதனால்தான் வெளிமூச்சை நீட்டுகிறோம். இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 6 மூச்சுகள் வரும். மூச்சை எண்ணுவதே சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும். அவர்கள் இரண்டு நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு வந்தாலும் போதும்.

படி 2: எதிர்பாராததைக் குறைத்துவிடுங்கள்

கூட்டத்துக்கு ஒரு நாள் முன்பாவது மூன்று செய்திகளை எழுதி அனுப்புங்கள்: எந்தக் கேள்விக்கு விடை தேடப்போகிறோம், இறுதி முடிவு யாருடையது, எத்தனை மணிக்கு முடிப்போம். இவற்றில் இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதென்றால் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அதை எப்படி நிறைவேற்றலாம் என்று மட்டும் கேளுங்கள். கருத்துக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு அதைப் புறக்கணிப்பது, நடப்பது நம் கையில் இல்லை என்ற உணர்வை வேறெதையும்விட ஆழமாக விதைக்கும். ஒருவரிடம் விளக்கம் கேட்க வேண்டியிருந்தால் அவருக்குத் தனியே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கேள்வியையும் “ஏன் செய்யவில்லை?” என்று அமைக்காமல் “எந்த இடத்தில் சிக்கியது?” என்று அமைத்தால், பேச்சு ஆளை விட்டு வேலையின் பக்கம் திரும்பும்.

படி 3: தொடக்கத்தைச் சிறியதாக வைத்திருங்கள்

ஒவ்வொருவரும் ஒரே ஒரு வாக்கியம் பேசும் சுற்றோடு தொடங்கலாம். “இன்று என் கவனத்தை வேறு எது இழுக்கிறது?” என்பது போன்ற எளிய கேள்வி போதும்; பேச விரும்பாதவர் அடுத்தவருக்கு விட்டுவிடலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். உள்ளத்தைத் திறந்து காட்டும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள். கண்களை மூடச் சொல்வதையும் எல்லோரையும் சேர்ந்து மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்வதையும் நான் தவிர்க்கிறேன், ஏனெனில் கேட்காமல் திணிக்கப்படும் அமைதிப் பயிற்சியும் ஒருவரின் பிடியைப் பறிப்பதுதான்.

படி 4: முதலில் எழுத்து, பிறகு பேச்சு

ஒரே ஒரு படியை மட்டும் செய்யத்தான் உங்களுக்கு இயலும் என்றால் இதைச் செய்யுங்கள். உலகின் 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் விடை தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த வேகத்தில் பேச்சு ஓடும்போது, அழுத்தத்தில் இருப்பவரும், நிதானமாகச் சிந்திப்பவரும், தம் தாய்மொழி அல்லாத மொழியில் பேச வேண்டியிருப்பவரும் வாய் திறப்பதற்குள் வாய்ப்பு வேறொருவர் கைக்குப் போய்விடுகிறது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு மாற்றைக் காட்டின. ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக நீட்டியபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, தாமாகவே முன்வந்து பேசியோர் கூடினர், விடையளிக்காமல் இருப்பது குறைந்தது.

கூட்டத்தில் இதைச் செய்யும் முறை எளிது. கேள்வியை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்துவிட்டு, “அடுத்த மூன்று நிமிடம் யாரும் பேச வேண்டாம், அவரவர் கருத்தைத் தாளில் எழுதிக்கொள்வோம்” என்று சொல்லுங்கள். பிறகு எழுதியதை ஒவ்வொருவராகப் படிக்கட்டும். சுற்று முடியும்வரை யாரும் மறுத்துரைக்க வேண்டாம். நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். பொறுப்பில் இருப்பவர் முதலில் பேசிவிட்டால், அதன்பின் வரும் ஒவ்வொரு கருத்தும் அவர் கருத்தோடு ஒத்துப்போகிறதா என்று எடைபோடப்படும். முதல் சில முறை அந்த மூன்று நிமிட அமைதி உங்களுக்கே தாங்க முடியாததாக இருக்கும், அதை நிரப்பப் பேசிவிடவும் தோன்றும். பொறுத்திருங்கள்.

படி 5: பேச்சு சூடாகும்போது

குரல் உயர்வது, ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுவது, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது, அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் திடீரென அமைதியாவது ஆகியவை நீங்கள் கவனிக்க வேண்டியவை. இவற்றைக் கொண்டு ஒருவரின் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பவருக்குக் குளிராகவும் இருக்கலாம். “நீங்கள் பதற்றமாக இருக்கிறீர்கள்” என்று பலர் நடுவே சொல்வது அவரை மேலும் எடைபோடுவதாகும். அதற்கு மாறாக, “கடந்த பத்து நிமிடமாக இரண்டு கருத்துகளையே சுற்றி வருகிறோம், அவற்றைப் பலகையில் எழுதிப் பார்ப்போம்” என்று பேச்சின் நிலையைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். உங்கள் குரலைத் தாழ்த்தி, வேகத்தையும் குறையுங்கள்.

அதுவும் போதவில்லை என்றால் இடைவேளை விடுங்கள். அட்ரினலின் என்னும் மற்றோர் அழுத்த ஹார்மோன் சில நொடிகளில் எழுந்துவிடும். கார்டிசாலோ, அழுத்தம் தொடங்கி 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்தை எட்டும். அதனால் 5 நிமிட இடைவேளைக்குப் பிறகு எல்லோரும் தணிந்துவிட்டார்கள் என்று நம்பிப் பெரிய முடிவுக்கு வாக்கெடுக்காதீர்கள். சிறிய வேலைகளுக்கு நகர்ந்துவிட்டு, முடிவை மறுநாளுக்குத் தள்ளி வைப்பதே பெரும்பாலும் நல்லது.

படி 6: குழு சோர்ந்து போகும்போது

எழுந்து நிற்கவும் நடக்கவும் வாய்ப்புக் கொடுங்கள், இருவர் இருவராகப் பேசச் சொல்லுங்கள், அல்லது கூட்டத்தை முன்னதாகவே முடித்துவிடுங்கள்.

படி 7: முடிப்பும் அதற்குப் பிறகும்

யார், எதை, எப்போதுக்குள் செய்வது என்பதை எழுத்தில் உறுதிசெய்து, ஏற்கப்படாத கருத்துகளையும் குறிப்பில் பதிவு செய்யுங்கள். தம் மறுப்பு காற்றில் கரைந்துவிடவில்லை என்று அறிந்தவர், தாம் உடன்படாத முடிவோடும் ஒத்துழைக்க முன்வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் யாரேனும் புண்பட்டதாகத் தோன்றினால், அன்றே தனியே சந்தித்து, “இன்று நான் கேட்ட விதம் உங்களுக்குச் சங்கடமாக இருந்ததா?” என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்று அவர் சொன்னால் விளக்கம் கொடுக்காமல் மன்னிப்புக் கேளுங்கள்.

எல்லைகள்

நரம்பு மண்டலத்தைப் பற்றி இன்று பரவலாகப் பேசப்படும் எல்லாமே உறுதிப்பட்ட அறிவியல் ஆகிவிடாது. பயிலரங்குகளில் அடிக்கடி சொல்லப்படும், அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் போர்ஜஸ் 1990-களில் முன்வைத்த, வேகஸ் நரம்பின் வெவ்வேறு பகுதிகளே நம் பாதுகாப்பு உணர்வையும் பிறரோடு பழகுவதையும் ஆள்கின்றன என்னும் பாலிவேகல் கோட்பாட்டின் உடற்கூற்று அடிப்படைகளை உடலியலாளர்கள் சிலர் கடுமையாக மறுத்து வருகிறார்கள். மேலே சொன்ன படிகளுக்கு அந்தக் கோட்பாடு தேவையும் இல்லை. நீங்கள் மருத்துவரோ மனநல ஆலோசகரோ அல்லர் என்பதையும் மறக்க வேண்டாம். ஒருவரின் துன்பம் கூட்டத்தின் எல்லையைக் கடந்தது என்று தெரிந்தால், அதற்குரியவர்களை நாட உதவுங்கள். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: இருவர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, அவரை ஆழ்ந்து மூச்சு விடச் சொல்வது கொடுமை. அங்கே மாற வேண்டியது வேலைப் பங்கீடு.

அடுத்த கூட்டத்திலேயே ஏழு படிகளையும் முயல வேண்டாம். முதல் மாதம் 2-ஆம் படியையும் 4-ஆம் படியையும் மட்டும் செய்துபாருங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் யார் யார் பேசினார்கள், எத்தனை முறை பேசினார்கள் என்று உங்களுக்கு மட்டும் தெரியும்படி குறித்து வையுங்கள். நான்காவது கூட்டத்தின் குறிப்பை முதல் கூட்டத்தின் குறிப்போடு ஒப்பிட்டு, அதுவரை ஒருமுறைகூடப் பேசாதவர் யார் என்று பார்த்து, அடுத்த படியை அவரை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுங்கள்.