பொறியியல் சங்கத் தொண்டிலிருந்து பன்னாட்டு மாநாடு வரை: டெல்டாவில் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் பகுதிக் கல்லூரிகளின் இளம் ஆசிரியர்கள் சிலர், தங்கள் துறையில் ஒரு பன்னாட்டு மாநாடு நடத்த என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் கேட்பதுண்டு. தொழில்முறைச் சங்கம் ஒன்றில் இதுவரை எத்தனை ஆண்டுகள் தொண்டு செய்திருக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். மாநாட்டுக்குத் தேவையான மதிப்பாய்வாளர்களும் உரையாளர்களும் கைகொடுக்கும் மாணவர்களும் அந்தத் தொண்டின் வழியாகவே கிடைக்கிறார்கள்.

முதல் படி: உறுப்பினராகுங்கள்

நீங்கள் சேரத்தக்க சங்கங்களுள் ஒன்றான இந்தியப் பொறியாளர் நிறுவனம் 1920இல் தொடங்கப்பட்டது. மின், மின்னணு, கணினித் துறையினர் பெரும்பாலும் சேரும் ஐ டிரிபிள் ஈ (IEEE) என்ற பன்னாட்டுச் சங்கம், 1884இலும் 1912இலும் தோன்றிய இரண்டு அமெரிக்கச் சங்கங்கள் 1963இல் இணைந்து உருவானது. அதன் ஆசிய பசிபிக் வட்டாரமான பத்தாம் வட்டாரத்தில், மெட்ராஸ் பிரிவின் கீழ் நம் பகுதிக் கல்லூரிகள் வருகின்றன. உறுப்பினர் ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. சங்கம் எதுவாயினும், அதன் உள்ளூர்ப் பிரிவுக் கூட்டங்களுக்கு ஓராண்டாவது தவறாமல் சென்று வாருங்கள்.

இரண்டாம் படி: சிறிய பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்

கல்லூரியில் சங்கத்தின் மாணவர் கிளை இல்லையென்றால் அதைத் தொடங்குவதே நல்ல முதல் வேலை. ஐ டிரிபிள் ஈ கிளைக்குக் குறைந்தது 12 மாணவ உறுப்பினர்களும், ஆலோசகராக இருக்க உறுப்பினரான ஓர் ஆசிரியரும் வேண்டும். கிளை இருந்தால் பொருளாளர் பொறுப்பைக் கேளுங்கள். தலைவர் பதவியைவிட அதில் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ரசீது சேர்ப்பது, முன்பணம் கொடுத்துக் கணக்கை நேர் செய்வது, ஆண்டறிக்கை அனுப்புவது ஆகிய மூன்றிலும் கை பழகியவருக்கு மாநாட்டுக் கணக்கு அச்சம் தராது.

மூன்றாம் படி: மதிப்பாய்வு செய்யப் பழகுங்கள்

மாநாட்டின் தரம் மண்டபத்திலோ விருந்திலோ இல்லை. கட்டுரைகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்வதில்தான் இருக்கிறது. ஆகையால் மாநாடு நடத்தும் எண்ணம் வருவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே, பிறர் நடத்தும் மாநாடுகளுக்கு மதிப்பாய்வாளராகப் பெயர் கொடுங்கள். "நன்றாக உள்ளது" என்று ஒரு வரி எழுதி அனுப்புவது மதிப்பாய்வு ஆகாது. எந்தச் சமன்பாடு சரியில்லை, எந்த முந்தைய ஆய்வு விடுபட்டது, எந்தச் சோதனை முடிவு நம்பத்தக்கதாக இல்லை என்று எழுத்தாளர் திருத்திக்கொள்ளும் வகையில் எழுத வேண்டும்.

ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். 100 கட்டுரைகள் வந்து, ஒவ்வொன்றையும் மூவர் படிக்க வேண்டுமென்றால் 300 மதிப்பாய்வுகள் தேவை. ஒருவர் நான்கு கட்டுரைகளுக்கு மேல் பொறுப்பாகப் படிப்பது கடினம் என்பதால் 75 பேர் வேண்டும். சொன்ன நாளில் தராதவர்களையும் எண்ணினால் 100 பேரை அணுகியிருக்க வேண்டும். நான் முதன்முதலாகப் பொறுப்பேற்ற மாநாட்டில் 40 பேரை மட்டுமே நம்பியிருந்தேன். கடைசி மூன்று வாரங்கள் நாங்கள் ஐந்து பேர் இரவெல்லாம் விழித்துப் படிக்க நேர்ந்தது. அந்த அவசரத்தில் நல்ல கட்டுரை ஒன்றை நிராகரித்துவிட்டோம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நான்காம் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள்

டெல்டாவில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபின் மின்சாரம் இன்றி நாள்கணக்கில் இருந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜனவரியில் பொங்கலும், பெரும்பாலும் அதே மாதத்தில் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையும் வருவதால் தஞ்சையில் தங்கும் அறை கிடைப்பது அரிது. ஏப்ரல், மே மாதங்களில் வெயிலும் தேர்வும் சேர்ந்துகொள்ளும். பிப்ரவரி எனக்குப் பிடித்த மாதம். ஆயினும் 2028இல் கும்பகோணத்தில் மாசி மகாமகம் வருகிறது, அந்த ஆண்டு அங்கே மாநாடு வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. வெளிநாட்டினர் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்குச் சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக நேரே வந்துவிடலாம், சென்னையில் இறங்கி இரவுப் பயணம் செய்ய வேண்டியதில்லை என்பதை அழைப்பிலேயே தெளிவாக எழுதுங்கள்.

ஐந்தாம் படி: சங்கத்தின் ஒப்புதல்

ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். சங்கம் இரு வகையில் துணை நிற்கும்: நிதிப் பங்கேற்பு என்றால் வரவிலும் இழப்பிலும் சங்கத்துக்குப் பங்கு உண்டு. தொழில்நுட்ப இணை ஆதரவு என்றால் பணப் பொறுப்பு முழுவதும் உங்களுடையது, சங்கம் தரத்தை மட்டும் கண்காணிக்கும். ஒப்புதல் கைக்கு வரும் முன் சங்கத்தின் இலச்சினையை அறிவிப்பில் போடாதீர்கள். கட்டுரைகள் சங்கத்தின் மின்னூலகத்தில் சேரும் என்று உறுதியும் கூறாதீர்கள். அதை நம்பித்தான் மாணவர்கள் பணம் கட்டுகிறார்கள்.

ஆறாம் படி: வரவு செலவு

மண்டபம், உரையாளர் பயணம், அச்சு போன்ற நிலைச் செலவு ரூ.6,00,000 என்றும், ஒரு பங்கேற்பாளருக்கான உணவு, பை முதலியன ரூ.3,000 என்றும், பதிவுக் கட்டணம் ரூ.9,000 என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவரிடமிருந்து மிஞ்சுவது ரூ.6,000; ஆகவே 100 பேர் வந்தால்தான் கணக்கு சமமாகும். எழுபது பேர் மட்டுமே வந்தாலும் தாங்குமாறு நன்கொடை ஏற்பாடு இருக்க வேண்டும்.

ஏழாம் படி: வெளிநாட்டு விருந்தினர்

சுற்றுலா விசாவில் மாநாட்டுக்கு வரச் சொல்லக் கூடாது. மாநாட்டு விசாவுக்கான அழைப்புக் கடிதத்தையும், அரசுத் துறைகளின் அனுமதி தேவைப்படுமானால் அதற்கான விண்ணப்பத்தையும் நான்கைந்து மாதங்களுக்கு முன்பே அனுப்புங்கள். ஒருமுறை முதன்மை உரையாளர் ஒருவரின் விசா கடைசி நாள்வரை வரவில்லை; காணொளி இணைப்பை முன்னரே சோதித்து வைத்திருந்ததால் உரை நின்றுபோகவில்லை. கல்லணையைக் காட்டாமல் யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். அதைப் பார்த்து நின்ற கட்டுமானப் பொறியாளர்கள் கேட்கும் கேள்விகள் பல அமர்வுகளைவிடச் செறிவானவை.

எட்டாம் படி: மாநாடு முடிந்த பிறகு

நேரில் வந்து படிக்கப்படாத கட்டுரைகளைத் தொகுதியில் சேர்க்காதீர்கள். பதிப்புரிமைப் படிவங்களைச் சரிபார்த்து, தொகுதியை ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள். மதிப்பாய்வாளர் ஒவ்வொருவருக்கும் பெயரிட்டு நன்றிக் கடிதம் எழுதுங்கள். தணிக்கை செய்த கணக்கு, மதிப்பாய்வாளர் பட்டியல், சமையல்காரர் முதல் வண்டிக்காரர் வரை அனைவரின் தொடர்பு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அடுத்த ஆண்டுச் செயலாளரிடம் நேரில் ஒப்படையுங்கள்.