கனத்த உடல்வாகு கொண்ட மோட்டார் சைக்கிள் பயணிகளுக்கு மடக்குக் கட்டில்: வாங்குமுன் செய்ய வேண்டியவை

என் எடை 128 கிலோ, உயரம் 186 செ.மீ. மோட்டார் சைக்கிளில் பல நாள் பயணம் போகும்போது கூடாரத்துக்குள் தரையில் பாய் விரித்துப் படுப்பதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. காலையில் எழுந்திருக்க முழங்கால்கள் மறுக்கத் தொடங்கிய பிறகு மடக்குக் கட்டிலைத் தேடத் தொடங்கி, இரண்டு கட்டில்களைத் தவறாக வாங்கி, மூன்றாவதில்தான் நிம்மதியாக உறங்கினேன். என்னைப் போன்ற உடல்வாகு கொண்டவர்கள் அந்த முதல் இரண்டு செலவுகளையும் தவிர்க்க வேண்டும் என்பதற்காக, நான் செய்து பார்த்த முறையை அதே வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது கட்டிலை அல்ல, வண்டியை. வண்டியின் கையேட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். அதிலிருந்து எரிபொருளுடன் கூடிய வண்டியின் எடையைக் கழித்தால், நீங்களும் உங்கள் மூட்டைகளும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது தெரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் வண்டியின் எடை 249 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 465 கிலோ. ஆக மிஞ்சுவது 216 கிலோ. அதில் என் உடலுக்கு 128 கிலோவும், தலைக்கவசம், சவாரி உடை, பூட்ஸ் ஆகியவற்றுக்குச் சுமார் 10 கிலோவும் போய்விட்டால், பக்கப் பெட்டிகள், கூடாரம், கருவிகள், தண்ணீர், கட்டில் எல்லாவற்றுக்குமாக 78 கிலோதான் இருக்கிறது. சிறிய வண்டியில் இது இன்னும் குறையும். எனவே கால்கள் பெருக்கல் குறி போல் மடங்கும் பழைய வகைப் பெரிய கட்டில்கள் எவ்வளவு உறுதியானவையாக இருந்தாலும் நமக்கு உதவா; அவற்றின் எடையும், மடித்த பிறகும் ஒரு மீட்டரை நெருங்கும் நீளமும் வண்டிக்குப் பொருந்துவதில்லை. துண்டு துண்டாகக் கழற்றக்கூடிய அலுமினியக் குழாய்களும் தாழ்வான கால்களும் கொண்ட கட்டில்களையே பார்க்க வேண்டும்.

அடுத்தது, மடித்துச் சுருட்டிய கட்டிலின் நீளம். கட்டிலின் உறையில் எழுதியுள்ள நீளம், அகலம், உயரம் ஆகிய அளவுகளுக்குச் செய்தித்தாள்களைச் சுருட்டி நூலால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தச் சுருளைப் பக்கப் பெட்டிக்குள் வைத்து மூடிப் பாருங்கள். பெட்டியின் மூலைகள் உட்புறம் சரிந்திருப்பதால், எண்களின்படி பொருந்தும் கட்டில் பெட்டியில் பொருந்தாமல் போவதுண்டு. பொருந்தவில்லையென்றால், நீர் புகாத பையில் இட்டுப் பின்னிருக்கையின் குறுக்கே கட்டிவிடலாம், 55 செ.மீ. வரையிலான சுருள் கைப்பிடியின் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்காது.

இனி என்னைக் கவிழ்த்த இடத்துக்கு வருகிறேன். நான் முதலில் வாங்கிய கட்டிலில் 150 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. என் எடையைவிட 22 கிலோ கூடுதல் என்பதால் போதும் என்று நம்பினேன். மூன்று இரவுகள் குறையில்லாமல் உறங்கினேன். நான்காம் நாள் காலை, பூட்ஸ் அணிவதற்காகக் கட்டிலின் ஓரத்தில், இரண்டு கால்களுக்கு நடுவில், சற்று வேகமாக உட்கார்ந்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. பக்கவாட்டுக் குழாய் கால் பொருந்தும் இடத்தருகே நசுங்கி, மடித்த உறிஞ்சுகுழல் போல் தட்டையாகக் கிடந்தது. ஒருமுறை நசுங்கிய அலுமினியக் குழாயை நிமிர்த்தினாலும் அதே இடத்தில் மீண்டும் மடங்கும் என்பதால், மீதி இரவுகளைத் தரையிலேயே கழித்தேன்.

காரணம் எளிது. படுத்திருக்கும்போது உடலின் எடை கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நீளத்தில் பரவி, இரு பக்கக் குழாய்களுக்கும் எல்லாக் கால்களுக்கும் பங்கிடப்படுகிறது. ஓரத்தில் உட்காரும்போதோ எடையின் பெரும்பகுதி ஒரே குழாயின் ஒரு சாண் நீளத்தில் இறங்குகிறது. வேகமாக உட்கார்ந்தால் அந்த நொடியில் விசை உடல் எடையையும் தாண்டிவிடுகிறது. கட்டிலில் அச்சிட்ட எண்ணைப் படுத்திருக்கும் எடைக்கான எண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள். என் உறுதியான கருத்து இதுதான்: அந்த எண் உங்கள் எடையைவிடக் குறைந்தது 15 கிலோவாவது கூடுதலாக இருக்க வேண்டும், அப்படி இருந்தாலும் ஓரத்தில் உட்காரக் கூடாது. கட்டிலுக்கு அருகில் தரையில் மண்டியிட்டு, கைகளைக் கட்டிலின் நடுவில் ஊன்றி, இடுப்பை மெதுவாக இறக்கிப் பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு புரண்டு படுங்கள். எழும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். பூட்ஸ் அணிய வேறோர் இருக்கையைத் தேடிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கட்டில் உடையவில்லை. ஆனால் துணி தொய்ந்தது. தாழ்வான கட்டில்களில் தரைக்கும் துணிக்கும் இடையே 12 முதல் 16 செ.மீ. வரைதான் இருக்கும். மல்லாந்து படுக்கும்போது தெரியாத தொய்வு, ஒருக்களித்துப் படுத்து இடுப்பு ஒரே இடத்தில் அழுந்தும்போது தெரியவரும். நைலான் துணி ஈரத்தில் சற்று இளகும் என்பதால், மாலையில் விறைப்பாக இருந்த கட்டில் விடியற்காலையில் இடுப்பைத் தரையில் தட்ட வைக்கும். ஆகவே கட்டில் வந்த அன்றே வீட்டில் சமதளத் தரையில் விரித்து, இடுப்பு வரும் இடத்துக்குக் கீழே காலித் தீப்பெட்டி ஒன்றை அதன் அகலம் உயரமாக அமையும்படி நிறுத்தி வையுங்கள். ஒருக்களித்து அரை மணி நேரம் படுத்திருங்கள். எழுந்து பார்க்கும்போது தீப்பெட்டி நசுங்காமல் நின்றால் அந்தக் கட்டில் உங்களுக்கு ஆகும். நசுங்கியிருந்தால் அன்றே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

அகலத்தைப் பொறுத்தவரை, 60 செ.மீ. அகலக் கட்டிலில் என் கைகள் இருபுறமும் குழாயின்மேல் அழுந்தி மரத்துப்போயின. தோள்பட்டையின் அகலத்தை முழங்கைகளோடு சேர்த்து அளந்து, அதற்குக் குறையாத அகலத்தைத் தேர்ந்தெடுங்கள். 68 செ.மீ.க்குக் குறைந்த எதையும் பெரிய உடம்புக்காரர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கால்களைப் பொருத்தும் முறையில் இரண்டு வகை உண்டு. வில்லாக வளைத்து அழுத்திச் செருகும் கால்கள் எடை குறைந்தவை. ஆனால் நாள் முழுதும் வண்டி ஓட்டிய மணிக்கட்டுக்கு அது தண்டனை. நெம்புகோலை இழுத்து விறைப்பேற்றும் வகையையே நான் விரும்புகிறேன். சில நூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை. ஹெலினாக்ஸ் நிறுவனத்தின் காட் ஒன் கன்வெர்ட்டிபிள் இந்த வகையைச் சேர்ந்தது. தாங்கும் எடை 145 கிலோ, கட்டிலின் எடை இரண்டு கிலோவுக்குச் சற்றே கூடுதல். என் எடைக்கு அது என் கணக்கின் விளிம்பில் நிற்கிறது. 130 கிலோவைத் தாண்டியவர்கள் அதைவிட வலுவானதைத் தேட வேண்டும்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. தரையிலிருந்து உயர்ந்துவிட்டால் குளிராது என்பது தவறான எண்ணம். கட்டிலின் அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. உடலுக்குக் கீழே நசுங்கிய ஸ்லீப்பிங் பேக் வெப்பத்தைக் காப்பதில்லை. எனவே மேலே ஒரு பாய் அவசியம். பாய்களின் வெப்பத் தடையைக் குறிக்கும் ஆர் மதிப்பைக் கூட்டிக்கொள்ளலாம்: 2 மதிப்புள்ள நுரைப் பாயின்மேல் 3 மதிப்புள்ள காற்று மெத்தையைப் போட்டால் 5 கிடைக்கும். கட்டிலைவிட அகலமான காற்று மெத்தை ஓரங்களில் மேலெழும்பி உடலை நடுவில் நெருக்கும் என்பதால், காற்றடைக்காத நுரைப் பாயையே நான் எடுத்துச் செல்கிறேன்.

பின்சேர்க்கை: இந்தக் குறிப்பைப் படித்துக் கட்டில் வாங்கிய ஒருவர், தம் கூடாரத்துக்குள் படுத்தால் பாதங்கள் துணியில் இடிப்பதாக எழுதியிருந்தார். நான் சொல்ல மறந்த அளவு இது. கட்டில் 15 செ.மீ., பாய் 2 செ.மீ., நிமிர்ந்த பாதம் 30 செ.மீ. என்று கூட்டினால் 47 செ.மீ. ஆகிறது, ஸ்லீப்பிங் பேக்கின் தடிமனையும் சேர்த்து, கூடாரம் சரியும் கால்மாட்டில் 55 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். கால் நீட்டிப்புகளை மாட்டிக் கட்டிலை உயர்த்துவது முழங்காலுக்கு நல்லதுதான் என்றாலும், அந்த உயரத்துக்கு நிமிர்ந்த சுவர்களுடைய கூடாரம் வேண்டும்.

இன்னொருவரின் கூடாரத் தரையைக் கட்டில் கால்கள் துளைத்துவிட்டன. பழைய நுரைப் பாயை உள்ளங்கை அளவுச் சதுரங்களாக வெட்டி, தரையில் கால் பதியும் ஒவ்வோர் இடத்திலும் ஒன்றை வையுங்கள். விரிப்பதற்கு முன் அந்த இடங்களைக் கையால் தடவிக் கூழாங்கற்களை அகற்றிவிடுங்கள். கனமான உடலின் கீழ் சிறிய கல்லும் கூடாரத் துணியைக் கிழித்துவிடும்.