ஷ்ரிங்க் ஸ்லீவுக்குக் காப்புரிமை கேட்கும் முன்

ஷ்ரிங்க் ஸ்லீவோடு, அதாவது பாட்டிலில் மாட்டிச் சூட்டில் சுருங்கவைக்கும் பிளாஸ்டிக் உறையோடு, என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவது அதன் அச்சுப் படத்தைத்தான். படம் டிசைன் பதிவுக்குப் போகட்டும். காப்புரிமை விண்ணப்பம் எழுத எனக்கு வேண்டியது ஒன்றே: சூட்டில் சுருங்கிய பிறகு உங்கள் ஸ்லீவ், மற்றவை செய்யாத எதைச் செய்கிறது?

ஒரு கணக்கு போடுவோம். பாட்டிலின் வயிற்றுச் சுற்றளவு 220 மி.மீ., கழுத்து 90 மி.மீ. அப்படியானால் கழுத்தில் ஸ்லீவ் சுமார் 59 சதவீதம் சுருங்கியாக வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கும் பெட்-ஜி என்ற பிளாஸ்டிக் ஃபிலிம் ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. அதை எடுத்து மாட்டுவது இந்தத் தொழிலில் இருக்கும் யாருக்கும் தோன்றும். தெரிந்த பொருள்களைச் சேர்த்து எதிர்பார்த்த பலனே வந்தால் காப்புரிமை கிடைப்பது கடினம். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007-இல் கேஎஸ்ஆர் வழக்கில் இதை வலியுறுத்தியது.

சரி, எது தேறும்? கிழிப்பதற்கான துளை வரிசையை எடுத்துக்கொள்வோம். வயிற்றுப் பகுதியில் ஃபிலிம் முழுதாகச் சுருங்கப் பாட்டில் விடாது. இழுவிசை அங்கேயே தங்கி, சில சமயம் ஸ்லீவைச் சுருக்கும் சூட்டு டன்னலுக்குள்ளேயே வரிசை பிளந்துவிடும். நீங்கள் வயிற்றில் துளைகளைத் தள்ளித் தள்ளியும் கழுத்தில் நெருக்கமாகவும் வைத்து, டன்னலில் பிளக்காமல் கையில் எளிதாகக் கிழியச் செய்தால், அதில் வாதாட இடம் உண்டு. ஆனால் ஆதாரம் வேண்டும். அதே ஃபிலிம், அதே பாட்டில், அதே வெப்பம். துளை இடைவெளி மட்டும் மாற வேண்டும். எத்தனை பிளந்தன, கிழிக்க எவ்வளவு விசை என்று எழுதிவையுங்கள். இந்த எண்கள் முதல் விண்ணப்பத்திலேயே இருக்கட்டும். தாக்கல் செய்தபின் அதற்குள் புதிய விவரம் நுழைக்க முடியாது.

உரிமைக்கோரலில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் பகுதியில், 'வெப்பத்தால் சுருக்கப்பட்ட' என்று எழுதிவிட்டாலே பொருள் புதிதாகிவிடாது. செய்த முறையைவிட, கையில் இருக்கும் பொருள் புதிதா என்றுதான் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் பார்ப்பார். ஆகவே அந்த முறை பொருளில் விட்டுச்சென்ற அடையாளத்தை, நம் உதாரணத்தில் துளை இடைவெளியின் விகிதத்தை, எழுதுங்கள். முறையே புதிது என்றால் அதற்குத் தனிக் கோரல் போடுங்கள்.

முன்பு வெளியானவற்றைத் தேடும்போது சொற்களை மட்டும் நம்பாதீர்கள். பி29சி 61, பி65சி 3/06, பி65டி 23/08 ஆகிய காப்புரிமை வகைப்பாட்டு எண்களிலும் பாருங்கள்.

அப்புறம், தாக்கல் செய்யும்வரை மாதிரியைக் கண்காட்சியில் வைக்காதீர்கள். கண்டுபிடித்தவரே வெளியிட்டால் அமெரிக்காவில் ஓராண்டு சலுகை உண்டு. ஐரோப்பாவில் அந்த வெளியீடே உங்கள் விண்ணப்பத்துக்கு எதிராக நிற்கும்.